சுவரில் தெரிந்த அண்ணி

என் அண்ணனுக்குப் பகலில் லிஃப்ட் கம்பெனியில் வேலை. போனில் ஊரார் புகாரையெல்லாம் பொறுமையாகக் கேட்பான். வீட்டுக்கு வந்ததும் இசை மேதை ஆகிவிடுவான். அவன் கம்ப்யூட்டரில் கரகரவென்று சத்தம் எழுப்ப, கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவன் நண்பன் அதை மைக்கில் பிடித்து, புரொஜெக்டர் வழியே ஹால் சுவரில் வண்ணங்களாக ஓடவிடுவான். இந்த இரட்டையர்களுக்கு ரசிகர்களும் உண்டு. பாதிப் பேர் நண்பனின் சொந்தக்காரர்கள். தங்கையாகப் பிறந்த பாவத்துக்கு நானும் கைதட்டுவேன்.

ஒருநாள் ஒத்திகை நடுவே அண்ணி வந்து, "குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது? காதுல விழுதா இல்லையா?" என்று கத்தினாள். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. சுவர் முழுக்கச் சிவப்பு பூத்து, ஊதாவாகச் சிதறியது. மேதைகள் இருவரும் வாயைப் பிளந்தார்கள்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றான் அண்ணன்.

கல்யாணமானதிலிருந்து அவன் அப்படிக் கேட்டதே இல்லை. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாக மறுபடி சொன்னாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவள் எது பேசினாலும் சுவரைத்தான் பார்த்தான். "நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்," என்றாள் ஒருநாள்.

"பச்சை பத்தல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

அண்ணி சத்தமே இல்லாமல் பெட்டியோடு கிளம்பிவிட்டாள்.

சுவர் இருண்டு கிடந்தது. நண்பன் புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தான். அண்ணன் மைக் வயரைக் கழற்றி, ஊதி, மறுபடி செருகினான். சற்று நேரத்தில் சுவரில் ஒரு நீலப்புள்ளி மின்னி மறைந்தது. பிறகு இன்னொன்று. உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாடா, சரியாயிடுச்சு," என்றான் அண்ணன்.