ஆறாம் ரீலும் ஏழாம் ரீலும்

தவறான வரிசையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தைச் சரியான வரிசையில் ஓட்டச் சொன்னேன். நான் செய்தது சரிதானா? இருபது வருஷமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. விடை தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் எங்கள் பள்ளியிலேயே, ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் நாற்காலியில் இருந்தார். நான் கேட்கவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் பியூன் ஒரு கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஞானமுத்து வாத்தியாரின் தங்கை திருமங்கலத்திலிருந்து எழுதியிருந்தார். அண்ணன் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது, டீச்சருக்குத் தெரிவிக்கச் சொல்லியிருந்தார் என்று மூன்று வரி. பாடத்தை முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கும் பழைய மாணவிகளுக்கு அவர் குரல் நினைவிருக்கும். அவர் ஒரு வகுப்பில் செய்யுள் நடத்தினால் பக்கத்து இரண்டு வகுப்புகளுக்கும் அது நடந்துவிடும். நான் இங்கிலீஷ் நடத்திய அறை அவற்றில் ஒன்று. அந்தக் குரலுக்காகத்தான் தெற்குவாசல் சினிமாக் கொட்டகைக்காரர் அவரைத் தேடி வந்தார். பேசும் படம் வராத காலம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னால்தான் ஜனங்களுக்குப் புரியும். வாத்தியார் சாயங்கால ஆட்டங்களில் அதைச் செய்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தின் நடுவே திரையில் வரும் இங்கிலீஷ் வாசகங்களின் பட்டியலை என்னிடம் கொடுப்பார். நான் ரீல் வாரியாகத் தமிழில் எழுதித் தருவேன். படம் பார்க்க நான் போனதில்லை.

அந்த வருஷம் அவர் மனைவி அன்னம்மாள் காலராவில் இறந்தார். மூன்று மாதம் கழித்து வந்தது அந்தச் சீமைப் படம். ஒரு விஞ்ஞானி இரும்பில் ஒரு மனிதனைச் செய்கிறான். அது நடக்கிறது, பூப்பறிக்கிறது. ஊர் அதைக் கண்டு பயந்து துரத்துகிறது. ஆறாம் ரீலில், அடிபட்டு மேஜைமேல் கிடக்கும் அதை விஞ்ஞானி பழுது பார்க்கிறான். அது கண்ணைத் திறந்து எழுந்து தெருவுக்குப் போகிறது. ஏழாம் ரீலில் ஊரார் அதைப் பிடித்து உலைக்குள் தள்ளி உருக்கிவிடுகிறார்கள். படம் முடிந்தது.

நான் எழுதிக் கொடுத்தது இதைத்தான். ஆனால் இரண்டு நாளில் ஊரில் வேறு பேச்சு நடந்தது. உருகிப்போன இரும்பு மனிதன் உயிரோடு எழுந்துவிட்டானாம். பள்ளிக்கூடத்து ஆயா, "இயேசப்பா மாதிரியே டீச்சர், கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வாராரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதன்கிழமை நானே போனேன்.

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். உலை முதலில் வந்தது. மேஜை பிறகு வந்தது. கடைசி இரண்டு ரீல்களும் இடம் மாறியிருந்தன. இரும்பு மனிதன் கண்ணைத் திறந்தபோது வாத்தியார் கையை உயர்த்தி, "எழுந்தான்!" என்றார். அந்தக் குரலை நான் பள்ளியில் கேட்டதில்லை.

வெளியே வரும்போது வாசலில் தர்க்கம் நடந்தது. விபூதி பூசிய ஒரு பெரியவர், "செத்தா உசுரு வேற ஒடம்புக்குத்தான்யா போகும். அதே ஒடம்புல எப்படி வரும்?" என்றார். அவர் பக்கத்தில் நின்ற மில் தொழிலாளி, "நீங்க வேற அண்ணே. அந்துபோன பெல்ட்ட மாட்டினா மிஷின் ஓடத்தான செய்யும்? இதுக்குப் போயி சாமிய இழுக்குறீகளே" என்றார். "அப்ப நீ ஏன்டா மூணு நாளா வார?" "அந்தாளு எந்திரிக்கிறதப் பாக்கத்தான்" என்று அவர் சிரித்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் வாத்தியாரிடம் சொன்னேன். "ரீல் மாறி ஓடுது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். மொத நாளு ஆப்பரேட்டர் தெரியாம மாத்திப் போட்டான். ரெண்டாம் நாளு நான்தான் அப்படியே இருக்கட்டும்னேன்."

"அது பொய்யில்லையா?"

அவர் சாக்பீஸை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார். "கடைசி ரீலு எதுன்னு செஞ்சவனுக்குத்தானே தெரியும்? நாம நடுவுல உக்காந்து பாக்குறோம்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்: "அவ போனதுலருந்து கோயில்ல விசுவாசப் பிரமாணம் சொல்றப்ப அந்த ஒரு வரிக்கு வாய் தொறக்க மாட்டேங்குது. சரீரம் உயிர்த்தெழும்னு எல்லாரும் சொல்றாக. நான் சும்மா நிக்கிறேன். கொட்டகையில மட்டும் சொல்ல வருது. தெனம் சொல்லிச் சொல்லிப் பழகிட்டா ஒருவேளை அங்கயும் வந்துரும். திங்கக்கெழம படம் திருச்சிக்குப் போயிரும். அதுவரைக்கும் விட்டுருங்க."

நான் மதராஸில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள். எந்தக் கோயிலிலும் எந்த வரியையும் சொல்வதில்லை. ஆதாரமில்லாததைச் சொல்லாமல் இருப்பதுதான் என் ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். "நான் எழுதிக் கொடுத்த தாள் அது. அதுல இருக்குற வரிசைப்படி சொல்லுங்க. இல்லேன்னா தாளைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றேன்.

"சரி டீச்சர்" என்றார்.

அன்றும் வெள்ளிக்கிழமையும் ஆட்டம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். சொன்னபடி செய்கிறாரா என்று பார்க்கத்தான் போனேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. மேஜை வந்தது. "எழுந்தான்" என்றார், செய்தி சொல்வதுபோல. பிறகு உலை வந்தது. இரும்பு முகம் கரைந்தது. திரை வெறும் வெள்ளையாக நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. மிச்சப் படத்துக்குக் காத்திருந்தார்கள்.

"எந்திரிக்கச் சொல்லுங்க வாத்தியாரே!" என்று ஒரு குரல் வந்தது. "என்னண்ணே, இன்னைக்குச் சாமிக்கு லீவா?" என்று அதே மில் தொழிலாளி கத்தினார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

வாத்தியார் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அம்புட்டுத்தான்யா. வீட்டுக்குப் போங்க" என்றார்.

அதோடு கொட்டகைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாங்கள் எதிரெதிரே பல வருஷம் உட்கார்ந்திருந்தோம். மழை, தேர்வு, யுத்தம், அரிசி எல்லாம் பேசினோம். அந்தப் படத்தை மட்டும் பேசவில்லை. என் அம்மா விளாங்குடியில் இறந்து நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் ஆன்மா அழியாது என்றார், இன்னொருவர் பரலோகம் என்றார். வாத்தியார், "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். பக்கத்துல உக்காந்துக்கிறேன்" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, மணி அடிக்கும்வரை கட்டுரை நோட்டுகளைத் திருத்தினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு மணி நேரம். அன்று என்னிடம் சொல்ல அவருக்கு அந்த வரியாவது இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனதில் என் பங்கு எவ்வளவு என்று தெரியவில்லை. அடக்கத்தில் அந்த வரியை அவருக்காக மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிறு காலை அவர் ஆராதனைக்குப் போகும் கோயிலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை, பக்கவாட்டு ஜன்னல் அருகே வேப்பமரத்தடியில் நின்றேன். ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் வாத்தியார் நின்றிருந்தார். சபை விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல ஆரம்பித்தது. அவரும் சொன்னார்; அத்தனை பேர் நடுவிலும் அவர் குரல் தனியாகக் கேட்டது. சரீரம் உயிர்த்தெழும் என்ற அந்த வரி வந்தது. அவர் குரல் நின்றது. திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைக் கண்டதும், பள்ளி வராந்தாவில் எதிரே வரும்போது செய்வதுபோலத் தலையை லேசாக அசைத்துவிட்டு, மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.