மெழுகுக் கட்டியும் மிளகு நாற்றும்

அண்ணனின் ஈரலில் ஒரு துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. மெழுகில் புதைத்திருந்தார்கள், தீப்பெட்டியைவிடச் சிறியது. புற்றுக் கட்டியை வெட்டியெடுத்த ஆஸ்பத்திரியில், அதைச் சேலத்தில் ஒரு லேபில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் எனக்குப் புரியும்படிதான் சொன்னார். செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். சில கட்டிகளில் அது அளவுக்கு மீறிச் சுரக்கும். அப்படிப்பட்ட கட்டி திரும்ப வரவும் பரவவும் வாய்ப்பு அதிகம். சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியும். போர்வெல் வண்டியில் வடக்கெல்லாம் அலைந்தவன் நான். மேலே வரும் தூளின் நிறத்தைப் பார்த்து அடியில் என்ன பாறை என்று சொல்வோம். எட்டாவதோடு நின்றவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

அண்ணன் மிளகு நாற்றுப் பைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்துக் காத்திருந்தான். நட்டால் காய்க்க மூன்று வருடம் ஆகும்.

"நெறம் என்னன்னு கேட்டுட்டு வா. அப்பறம் குழி எடுக்கலாம்" என்றான்.

மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளிக்குப் பஸ் இறங்கியதும் வெயில் முகத்தில் அடித்தது. மெழுகு உருகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை நனைத்து மெழுகுக் கட்டியை அதில் சுற்றி, சேலம் வரை ஜன்னல் காற்றில் பிடித்துக்கொண்டே போனேன். லேபில் இருந்த பெண் சிரித்தார்.

"இது அவ்வளவு சீக்கிரம் உருகாதுங்க. உங்க கைதான் வெறைச்சிருக்கு."

முடிவு வரும் வரை வீட்டில் உட்கார முடியவில்லை. காட்டுக்கும் ரோட்டுக்கும் நடந்தேன். அண்ணி, "குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதீங்க, ஒரு எடத்துல உக்காருங்க" என்று திட்டினார்.

முடிவு வந்த அன்று டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். திரை முழுக்கப் பழுப்பு. இதை மட்டும் வைத்து நாள் குறிக்க முடியாது, ஆனால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

அண்ணனிடம் மறைக்கவில்லை. மறைத்தாலும் என் முகம் சொல்லிவிடும்.

"அடர்த்தியாவா?"

"ஆமாண்ணா."

நாற்றுப் பைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப மிளகு வேண்டாம். குச்சிக்கிழங்கு போட்டுரு. பத்து மாசத்துல கையில வந்துரும்."

அண்ணிக்குக் கோபம் வந்தது. "நட்டவங்களேதான் பறிக்கோணுமா?"

"வேற ஆரு பறிக்கறது? இவனா? அமாவாசைக்கு அமாவாசை ஊரு மாத்தறவன்!"

அண்ணி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவன் சொன்னது பொய்யில்லை.

மறுநாள் மரவள்ளிக் குச்சிகளைச் சாண் அளவுக்கு வெட்டி நட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் வரப்பில் உட்கார்ந்து, வரிசை கோணுகிறது என்று கத்திக்கொண்டிருந்தான். கத்துகிற அளவுக்குத் தெம்பு இருந்தது. அப்போது வண்டி முதலாளி போன் செய்தார்.

"வண்டி ஒடிசா கெளம்புது. வாரியா இல்லியா?"

கால் துறுதுறுத்தது. லாரியின் டீசல் வாடைகூட மூக்கில் அடித்தது.

"கெழங்கு புடுங்கிட்டு வாரேனுங்க."

"அது எப்படா?"

அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து மாசமாகுமுங்க" என்றேன், அவன் காதிலும் விழும்படி.