டேப்பில் தேடிய வாக்கு

எழுபதுகளின் தொடக்கத்தில் அருப்புக்கோட்டையில் மைக் செட் வைத்திருந்தேன். கேட்டவர்களுக்குக் கல்யாணத்தை டேப்பில் பதிவு செய்தும் கொடுப்பேன். அப்படிக் கொடுத்த ஒரு ஸ்பூல் டேப், பரளச்சியில் என்னைப் பஞ்சாயத்து நடுவே கொண்டுபோய் உட்கார வைத்தது.

அந்தக் கல்யாணப் பெண் இப்போது கணவனை இழந்து, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அப்பாவும் போய்விட்டார். கல்யாணத்தன்று தனக்கு ஒரு புஞ்சை தருவதாக அப்பா மைக்கில் சொன்னார் என்றாள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அவள் அண்ணன் சாதித்தார். நான் டேப்பில் ஏதாவது செய்துவிடுவேன் என்று, முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவும் விடவில்லை. என்னைத் திருடன் என்று நினைத்தாரா? கோபத்தை மென்று விழுங்கினேன்.

பஞ்சாயத்து கூடிய தெருவுக்குக் கரண்டு வரவில்லை. டார்ச் செல் போட்டுத்தான் மிஷினை ஓட்ட வேண்டும். ஓட ஓட செல் இறங்கும். இறங்கினால் எந்தக் குரல் யாருடையது என்றே தெரியாது. கடையில் வேறு செல்லும் இல்லை. கூட்டமோ முதலிலிருந்து போடச் சொல்லி உயிரை வாங்கியது. அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் நாதஸ்வரத்தோடு கதை முடிந்திருக்கும். காதில் வாங்காமல், பாதி டேப் வரை வேகமாகச் சுற்றி நிறுத்தினேன்.

மொய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தாண்டிவிட்டோம். பின்னால் சுற்றி, அந்தப் பாதிக்கும் பாதியில் நிறுத்தினேன். பெண் அழைப்புக் குலவை கேட்டது. ரொம்ப முந்தி வந்துவிட்டோம். கல்யாணத்தில் எதற்குப் பிறகு எது என்பதுதான் எனக்கு இருந்த ஒரே வழி. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினேன். காரியாபட்டி மாமா வாழ்த்திக்கொண்டிருந்தார். அதற்குள் குரல் இழுக்கத் தொடங்கிவிட்டது.

இனி முன்னாலா, பின்னாலா? தப்பாகச் சுற்றினால் செல் தாங்காது.

“மாமா முடிக்கவும் அப்பாதான் பேசுனாக” என்றாள் அவள்.

சுற்றாமல் அப்படியே ஓடவிட்டேன். அப்பாவின் குரல் வந்தது. நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டு, “எம் மகளுக்கு நான்...” என்று தொடங்கினார். உடனே பக்கத்திலிருந்து ஒரு குரல், நேரமாகிவிட்டது, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று அவசரப்படுத்தியது. மேளம் அவர் பேச்சை அப்படியே மூடிவிட்டது. மிஷினும் முனகி நின்றது.

ஒன்றும் கேட்கவில்லையே என்று பெரியவர்கள் துண்டை உதறி எழுந்தார்கள். அண்ணனும் எழுந்தார். எனக்கு மிஷினைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போல இருந்தது.

அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, மேளம் அடிக்கச் சொன்னது உன் குரல்தான. அப்பா சொன்னது மணவறைல இருந்த எனக்கே கேட்டுச்சு. அப்பாவ ஒட்டி நின்ன உனக்குக் கேக்கலையா? அவுக என்ன சொன்னாக?”

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“கெணத்துக்குக் கெழக்க இருக்கிற புஞ்சைய” என்றார்.