பதினொரு போன்களும் ஓர் எட்டும்

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் அறியாத வெளிநாட்டு இலக்கம். ஒரேயொரு வரி.

"அன்ரி, இடப்பக்கம் திரும்பேக்கை சிக்னல் போட மறக்கிறியள்."

அக்கா அதை மூன்று தரம் வாசித்திருக்கிறார். பிறகு வேலிப் பொட்டுக்குள்ளால் என் முற்றத்துக்கு வந்து, போனை என் கையில் தராமல் என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஆருக்கடி சொன்னனீ?"

கேள்வியில் நியாயம் இருந்தது. அக்கா ஸ்கூட்டர் பழகுவது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஸ்கூட்டர் என்னுடையது. அவர் ஓடுவதை அவருடைய போனிலேயே வீடியோ எடுத்ததும் நான்தான். அதோடு நான் பத்திரிகையில் வேலை செய்தவள். எங்கள் பக்கத்தில் பேப்பர்காரியிடம் இரகசியம் நிற்காது என்று ஒரு பொதுவான எண்ணம் உண்டு.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா."

"அப்ப இவனுக்கு என்ரை சிக்னல் எப்பிடித் தெரியும்?"

அது இரகசியமாக இருந்ததற்குக் காரணம் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். பல வருடங்களுக்கு முன் அக்கா சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்தார். அந்த நேரம் அத்தான் மதகில் நின்றார். அன்றிலிருந்து கலியாண வீடு, சாமத்தியவீடு எதுவென்றாலும், சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அவர் எழும்பி நின்று கையால் நடித்துக் காட்டுவார்: "முதல்லை செருப்பு மிதந்துது. பிறகு குடை மிதந்துது. கடைசியா இவ மிதந்தா." சனம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். ஆனால் இந்த வருடம் நெல் வெட்டி முடிந்த கையோடு என்னிடம் வந்து சொன்னார்: "லைசென்ஸைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் இந்த மனிசனுக்குச் சொல்லுவன். முந்தித் தெரிஞ்சுதெண்டால் இன்னொரு கதை கட்டிப்போடும்."

முல்லைத்தீவுக்குக் கண் கிளினிக் என்று சொல்லிப் போய் எழுத்துப் பரீட்சை எழுதினார். அத்தான் கண் எப்படி என்று கேட்க, "முந்தியை விடத் தெளிவு" என்றார். இனி மிச்சம் ட்ரையல். ஸ்கூட்டரில் எட்டு வடிவத்தில் ஓடிக் காட்ட வேண்டும். கால் நிலத்தில் பட்டால் பெயில். அது அடுத்த செவ்வாய்க்கிழமை.

அத்தான் விடிய வயலுக்குப் போனதும் நாங்கள் குளத்தருகே பூட்டிக் கிடக்கும் நெற்களஞ்சியத்துக்குப் போவோம். நெல் காயவிடும் சீமெந்துத் தளத்தில் உமிச்சாம்பலால் ஓர் எட்டுப் போட்டு, அக்கா அதன்மேல் ஓடுவார். நான் எடுக்கும் வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவர் பிழை திருத்துவார். ஒரு செய்தியைத் திருத்துவது போலத்தான். எங்கே தடக்குகிறது என்று வெளியில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இப்போது மூன்றாவதாக ஓர் ஆளும் பார்த்திருக்கிறார்.

"ஆரோ என்ரை போனுக்குள்ளாலை பாக்கிறாங்கள்" என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. வன்னியில் இந்த வசனத்தை ஒருவரும் உரத்துச் சொல்வதில்லை. நானும் எழுந்து படலையைச் சாத்தினேன். இரண்டு பேரும் குசினிக்குள் போய் உட்கார்ந்தோம்.

செய்தியறையில் பழகிய முறைப்படி ஒவ்வொன்றாகத் தேடினேன். செய்தி அனுப்பும் செயலியை வேறு கணினியோடு யாராவது இணைத்திருக்கிறார்களா? இல்லை. தெரியாத செயலி ஏதும்? மருமகள் இறக்கிவிட்ட மீன் பிடிக்கும் விளையாட்டு ஒன்றுதான். மூன்றாவதாக, போனில் போட்டிருந்த மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, அந்தக் கணக்கை எந்தெந்தக் கருவிகள் பாவிக்கின்றன என்ற பட்டியலைத் தட்டினேன். இப்படி ஒரு பட்டியல் இருப்பதே அக்காவுக்குத் தெரியாது. அவருக்கு மின்னஞ்சல் இருப்பதும் தெரியாது.

பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. பதினொரு போன்கள். பத்து இலங்கையில். ஒன்று கட்டாரில்.

"கட்டாரிலையோ? நான் வவுனியாவுக்கு அங்காலை போகேல்லையே!"

"அக்கா, உங்கடை போனிலை உங்களுக்குத் தெரியாத பேர் ஏதும் கிடக்கோ?"

"எங்கை?"

"நம்பருகளுக்கை."

"ஓம், கனக்கக் கிடக்கு. 'மாட்டு டொக்டர்', 'றக்ரர் அண்ணை புது நம்பர்', 'சின்ன மாமி எடுக்காதை'. வாங்கேக்கையே போனோடை வந்ததுகள்தானே."

"போனோடை நம்பர் வாறேல்லை, அக்கா."

"மாட்டு டொக்டர் நல்ல மனிசன். எங்கடை சிவலைக்கு வருத்தமெண்டு எடுத்தனான், உடனை வந்தார்."

படங்களைத் திறந்தேன். என் வீடியோக்களுக்கு இடையில் யாரோ ஒருவரின் மிளகாய்த் தோட்டம், யாரோ ஒருவரின் பொங்கல் பானை, யானை முறித்த ஒரு தென்னம்பிள்ளை. பிறகு ஒரு குழந்தை. ஐம்பது அறுபது படம் இருக்கும்.

"இது ஆரின்ரை பிள்ளை?"

"தெரியாது. ஆரோ அனுப்பினம். இப்ப இரண்டு பல்லு முளைச்சிட்டுது, பார். போன மாசம் காய்ச்சல் போலை, வாடிப்போய்க் கிடந்தது. நான் அம்மனுக்கு நேந்தனான்."

"ஆரும் அனுப்பேல்லை அக்கா. எல்லாருக்கும் ஒரே கணக்கு, ஒரு போனிலை எடுக்கிற படம் மற்றப் போனுகளிலையும் விழும்" என்றேன். அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, நான் அந்தப் பிள்ளையைப் பாத்த மாதிரித்தான், அவையளும்…"

"ஓம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

போன் வாங்கிய கடை நெடுங்கேணியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே. கடைக்காரத் தம்பி ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவும் இல்லை.

"ஆளுக்கொரு ஈமெயில் திறக்கிறதெண்டால் கோட் வரவேணும், பாஸ்வேர்ட் வைக்கவேணும். சனம் பஸ்ஸைக் கண்டோடனை ஓடுது அக்கா. நான் ஒண்டைத் திறந்து வைச்சு எல்லாருக்கும் அதையே போட்டுக் குடுத்தன். பாஸ்வேர்ட் மறந்தாலும் பிரச்சினை இல்லை, எல்லாருக்கும் ஒண்டுதான்."

"அது என்ன பாஸ்வேர்ட்?"

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் நிற்க, தம்பி அதை உரத்துச் சொன்னார். கடையின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும்.

கட்டார் போனும் அங்கே வாங்கியதுதான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் பெடியன் வேலைக்குப் போகும்போது கொண்டுபோயிருக்கிறான். அக்கா அந்த இலக்கத்துக்கு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, நன்றாக ஏசினார். அவன் ஏச்சு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னான்: "விடிய வேலைக்குப் போற பஸ்ஸிலை பாக்கிறனான் அன்ரி. பின்னுக்கு எங்கடை குளம் தெரியும். எண்டாலும் நீங்கள் சிக்னல் போடேல்லைத்தான்."

"போடுவன்" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

உண்மையான பயம் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வந்தது. கடைக்காரர் விரலால் எண்ணிச் சொன்ன ஆட்களில் அத்தானின் தங்கச்சியும் இருந்தார். அத்தானின் போன் பொத்தான் போன். அதில் படம் வராது. ஆனால் தங்கச்சி வாய் திறந்தால் அன்றைக்கே அத்தானுக்குப் போய்விடும். ஒட்டுசுட்டானில் இறங்கியதும் நேரே அவர் வீட்டுக்குப் போனோம்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சுளகை வைத்துவிட்டு, "என்ன மச்சாள், செவ்வாய்க்கிழமை ட்ரையலோ?" என்றார்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். "கொண்ணைக்குச் சொல்லிப்போட்டியோ?"

"எனக்கென்ன விசரே? சொன்னால் அண்ணை நிப்பாட்டிப்போடுவார். பிறகு நாங்கள் காலமையிலை எதைப் பாக்கிறது?"

"நாங்களோ?"

"நானும் மாமியும் பிள்ளையளும். தேத்தண்ணியோடை இருந்து பாப்பம். முந்தநாள் இரண்டாம் சுத்திலை காலை ஊண்டினியள், மாமி தலையிலை கை வைச்சிட்டா."

பஸ் வருவதற்கு முன்பே பஸ்ஸில் யார் வருகிறார்கள் என்ற செய்தி வந்துவிடும் ஊர் இது. இங்கே ஒன்பது வீடுகள் மூன்று கிழமையாக ஒரு செய்தியை வெளியில் விடாமல் வைத்திருந்திருக்கின்றன. என் தொழில் வாழ்க்கையில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அன்று பின்னேரமே அந்தக் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும் என்றேன். அக்காவின் அடையாள அட்டைப் படமும் அதற்குள் கிடந்தது. அதை உடனே அழித்தோம். மற்றதுக்கு அக்கா மறுத்துவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கட்டும்."

"ஏன்?"

"அங்கை ட்ரையல் எடுக்கிற மனிசன் கொப்பியோடை நிண்டு பாக்கப்போறார். எனக்கு ஆரும் பாக்க ஓடிப் பழக்கமில்லை. இவையள் பாக்கட்டும்."

சரியான யோசனை அல்ல என்று சொன்னேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை அக்கா கால் ஊன்றாமல் எட்டை மூன்று தரம் சுற்றினார். முதல் முறையாக. சனிக்கிழமை சேலை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் விழுந்தது. ஏழு மணிக்குக் கட்டாரிலிருந்து ஒரு கைதட்டல் படம் வந்தது.

திங்கட்கிழமை எடுத்ததுதான் கடைசி வீடியோ. அக்கா எட்டை முடித்து, ஸ்கூட்டரை என் முன்னால் நிறுத்தி, போனைப் பார்த்துப் பேசினார்.

"இதோடை சரி. நாளைக்கு இதெல்லாம் அழிபடும். எல்லாரும் கடைக்குப் போய் அவையவைக்கு வேற வேற கணக்குத் திறவுங்கோ. பாஸ்வேர்ட்டை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, கடைக்காரத் தம்பிக்கும் சொல்லாதேங்கோ. அந்தக் குழந்தைப்பிள்ளையின்ரை தாய் ஆரெண்டாலும், பிள்ளைக்குக் காதிலை எறும்புக்கடி மாதிரிக் கிடக்கு, பாருங்கோ."

செவ்வாய்க்கிழமை முல்லைத்தீவில் அவர் பாஸ். திரும்பும் பஸ்ஸிலேயே நான் அவருக்குப் புதுக் கணக்குத் திறந்தேன். பாஸ்வேர்ட்டை அவர் தட்டும்போது யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழைய கணக்கிலிருந்த அக்காவின் வீடியோக்களை அழித்து, அவர் போனிலிருந்து அந்தக் கணக்கையும் எடுத்துவிட்டேன். மாட்டு டொக்டரின் இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார். புதுக் கணக்கின் பட்டியலில் ஒரேயொரு போன் இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறிச்செண்டு கிடக்கு" என்றார்.

அந்தக் கிழமையே கடை வாசலில் ஓர் அறிவித்தல் தொங்கியது: போன் வாங்க வருபவர்கள் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் முந்தி வரவும்.

தற்காலிக லைசென்ஸ் பத்திரம் கைக்கு வர வெள்ளிக்கிழமையானது. அன்று பின்னேரம் அக்கா ஸ்கூட்டரை ஓட, நான் பின்னால் இருந்தேன். வேறு பாதை இருந்தும் அவர் வாய்க்கால் பாதையையே எடுத்தார். அத்தான் மதகில் நின்று தண்ணி மாற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், மண்வெட்டியை ஊன்றியபடி, நாங்கள் அவர் காலடியில் வந்து நிற்கும்வரை அசையவில்லை. அக்கா பத்திரத்தை எடுத்து நீட்டினார். அத்தான் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை வாசித்தார்.

"இந்தப் பாதையாலையோ வந்தனீ?"

"ஓம்."

"வாய்க்கால்?"

"அது விலத்தி நிண்டது."

அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொல்லி, மண்வெட்டியை என் கையில் தந்துவிட்டு, பின்னால் ஏறி இருந்தார்.

திருப்பத்தில் சிக்னல் விழுந்ததை மதகில் நின்று நான் பார்த்தேன்.