புதுவாயல் கூட்டு ரோட்டில் என் மொட்டைத் தலை

பல் தேய்த்துத் துப்பியதைக் குனிந்து உற்றுப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். போன வருடம் ஒரு நாள் காலை வாஷ்பேசினில் சிவப்பாக ஓடியது. நான் போனபிறகு பைக்கை யாருக்குக் கொடுப்பது, இரும்பு மில்லில் என் கிரேனை யார் ஓட்டுவார்கள், என் சாவுக்கு வருகிற மேனேஜருக்கு எந்த நாற்காலியைப் போடுவது என்பது வரைக்கும் யோசித்து முடித்துவிட்டுத்தான் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "பேஸ்ட்டே செவப்புதான்யா. நேத்து புதுசு வாங்கியாந்தேன். வாயக் கொப்புளிச்சிக்கினு கெளம்பு, ஷிப்ட்டுக்கு டைம் ஆவுது."

நான் இப்படித்தான். எட்டு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, சென்னையில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவன். உடம்பு பிழைத்துக்கொண்டது, பயம் மட்டும் டிஸ்சார்ஜ் ஆகவே இல்லை. கொசு கடித்த இடம் சிவந்தால்கூட ரத்தப் பரிசோதனைக்கு ஓடுவேன். கும்மிடிப்பூண்டியில் லேப் வைத்திருக்கிற ஒரு அம்மாள் என்னைப் பார்த்தாலே சிரித்துக்கொண்டு ஊசியை எடுப்பார்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எனக்குக் கட்டில் இருந்தது. அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி மதில் ஓரம்தான். மழை வந்தால் எதிரே பூட்டிய கடையின் ஷட்டரை ஒட்டி நின்றுகொண்டே தூங்குவார்கள். காலையில் அம்மா ஈரப் புடவையோடு வந்து, ஒன்றும் நடக்காததுபோல எனக்கு இட்லி ஊட்டுவாள். இப்போது அதே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு இருக்கிறது. வெளியூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் அதில் காசில்லாமல் தங்கிச் சமைத்துக்கொள்ளலாம். அந்த வாடகைக்கு எங்கள் பக்கத்தில் வசூல் செய்து கொடுப்பது என் வேலை.

வசூலுக்கு ஏற்ற காலம் போனஸ் போடுகிற வாரம். ஆயுத பூஜையை ஒட்டி மில் கேட்டுகளில் வட்டிக்காரர், சீட்டுக்காரர், தவணைக்குக் குக்கர் கொடுத்தவர் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கடைசியில் நான் தகர உண்டியலோடு நிற்பேன். புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு பேனரும் கட்டுவேன். ஆஸ்பத்திரியில் எடுத்த என் மொட்டைத் தலைப் படம், பக்கத்தில் 'இந்தப் பையன் பிழைத்துக்கொண்டான்' என்று பெரிய எழுத்து. பேனருக்குக் கீழே டீக்கடையில் இன்னொரு உண்டியல். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இதுக்கா இவ்ளோ செலவு பண்ணிக் காப்பாத்துனாங்க?" என்று கேட்டபடியே போடுவார்கள்.

எங்கள் மில்லில் இரும்புக் கம்பிகளைக் கட்டாகக் கட்டுகிற தம்பி ஒருவர் உண்டு, காண்ட்ராக்டில் வேலை. அவருடைய மகளுக்கும் எனக்கு வந்ததே வந்தது. முதல் ஊசிக்கு முன்னால் அவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். "நீ ஒண்ணியும் பேச வாணாண்ணா. சும்மா வந்து நின்னா போதும். பாக்கட்டும்."

நான் வந்து நின்றேன். கண்காட்சியில் வைத்த மோட்டார் மாதிரி ஒருமுறை சுற்றியும் காட்டினேன். இரட்டை ஜடை போட்டிருந்த அந்தப் பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"மாமா, முடி கொட்டிட்டா திரும்ப மொளைக்கும்னு அப்பா சொன்னாரு. உனக்கு ஏன் சொட்டையா கீது?"

"மொளைச்சிதும்மா. மருந்து திருப்பிக் குடுத்தத கல்யாணம் புடுங்கிக்கினு போய்ட்ச்சு."

உள்ளேயிருந்து மனைவி கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் சாட்சி. ஊசிக்கு அழுதால் அவள் அப்பா எனக்கு வீடியோ கால் போடுவார். நான் கிரேன் கேபினில் உட்கார்ந்து மூக்கைச் சப்பையாக்கிக் காட்டுவேன். அவள் என்னை நம்பினாள். போனை வைத்ததும் நான் என் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அந்த வருடம் போனஸ் வாரத்தில் எனக்குத் தொடர்ந்து டபுள் ஷிப்ட். படத்தையும் வாசகத்தையும் பேனர் கடைக்காரருக்கு அனுப்பிவிட்டு, கட்டுவதையும் அவரிடமே விட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது. பக்கத்துக் கம்பெனி ஃபிட்டர்.

"ஹலோ, ஊட்ல யாருங்க பேசறது? அண்ணன எப்ப எடுக்கறாங்க?"

"எந்த அண்ணன?"

"அண்ணே, நீயா? ஒண்ணியும் இல்லண்ணே. கூட்டு ரோட்டுக்குப் போயி உன் பேனரப் பாரு."

போய்ப் பார்த்தேன். எங்கள் ஊரில் காதுகுத்துக்கு ஒரு டிசைன், கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று கடையில் எல்லாம் தயாராகவே இருக்கும். படத்தை மாற்றினால் போதும். பூஜை அவசரத்தில் அவர் எடுத்தது சாவு டிசைன். வட்டத்துக்குள் என் மொட்டைத் தலை. இரண்டு பக்கமும் ரோஜா. மேலே புறா. கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டான் என்பது விளக்குக்கு அடியில் எறும்பு சைஸில் இருந்தது. டீக்கடை அக்கா ஒரு சாமந்தி மாலை வேறு சார்த்தியிருந்தாள். எந்த வருடமும் இல்லாத அளவுக்கு உண்டியல் கனத்தது. பிழைத்தவனைவிடச் செத்தவனுக்கு நம் ஜனம் தாராளமாகப் போடும் என்று தெரிந்துகொண்டேன்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். நானோ மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டேன். "நான் உயிரோடதானேக்கா கீறேன்?" என்று டீக்கடை அக்காவிடம் கேட்டேன். "பழைய பாக்கி இருக்கிற வரிக்கும் உன்ன சாவ வுட மாட்டேன்" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அப்பா கூப்பிட்டார்.

"அண்ணே, டிஸ்சார்ஜ் பண்ட்டாங்க. பஸ்ஸுல வந்துக்கினு கீறோம். காரனோடை தாண்டியாச்சு. கூட்டு ரோட்ல எறங்கி ஊட்டுக்குப் போவணும்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"கொஞ்ச நாளு ஊட்ல வச்சிக்கச் சொன்னாங்க. புடிச்சதக் குடுங்கன்னாங்க."

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். என் பக்கத்துக் கட்டில் பையனின் அம்மாவிடம் அதைத்தான் சொன்னார்கள். பிடித்ததெல்லாம் கொடுப்பதற்காக அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் கட்டிலுக்கு வேறு பையன் வந்தான்.

மேற்கொண்டு யோசிக்க நேரமில்லை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கப்போவது இந்த பேனருக்கு நேர் கீழே. எந்தத் தலையைக் காட்டி அவளைத் தேற்றினோமோ அதே தலைக்கு அடியில் விளக்கு எரிகிறது. டீக்கடை ஏணியை இழுத்துப் போட்டு ஏறினேன். மில்லில் கிரேன் உச்சியில் உட்காருகிறவன்தான், இருந்தும் மூங்கில் ஏணியில் மூன்றாம் படியிலேயே சாமியைக் கூப்பிட ஆரம்பித்தேன். ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்தேன். காற்றில் பேனர் சுழன்று வந்து என்னையே சுற்றிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்டு நான் போட்ட சத்தத்துக்குக் கீழே கூட்டம் கூடிவிட்டது. பேனரை விலக்கி முகத்தை வெளியே நீட்டியபோது பஸ் நின்றிருந்தது. அவள் அப்பா தோளில் சாய்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் குல்லா. முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"இன்னா மாமா, செத்துட்டியா?"

"ஆமாம்மா. பூஜை லீவுக்கு வந்தேன்."

சிரிக்கப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. விளக்கையே பார்த்தாள்.

"ஏன் அவுக்கிற? வெளக்கு சூப்பரா கீதே."

"தப்பாப் போட்டுட்டாங்கம்மா. கடைக்காரன இன்னிக்கு உண்டு இல்லன்னு ஆக்கறேன் பாரு."

"மாமா, எனக்குப் போட்டா மொட்டத்தல போட்டோ வாணாம். ரெட்ட ஜட போட்டோ போடச் சொல்லு."

அவள் அப்பா சட்டென்று ரோட்டின் அந்தப் பக்கம் திரும்பி, வராத ஆட்டோவுக்குக் கை காட்டினார். ஏணியில் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினேன். அது சரி என்று ஆட்டினதா, அப்படியெல்லாம் இல்லை என்று ஆட்டினதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சரி என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

சாயந்திரம் பேனர் கடைக்குப் போய்க் கத்தினேன். "உயிரோட கீறவனுக்கு வெளக்கு வெப்பியா?" கடைக்காரர் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தார். அதைக் கட்டிய பிறகு டீக்கடை உண்டியலில் அவ்வளவாக விழவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். அன்று காலை அவள் அப்பாவை பைக்கில் உட்கார வைத்து அதே கடைக்குக் கூட்டிப் போனேன். கம்பிக்கட்டு கட்டிக் காய்த்துப்போன கைகளைப் பார்த்தபடி அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் போனை வாங்கி, அதில் இரட்டை ஜடைப் படத்தைத் தேடி நான்தான் கடைக்காரரிடம் காட்டினேன். கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். வட்டம் வந்தது. ரோஜா வந்தது. அதற்குமேல் மவுஸை நகர்த்தாமல் என் முகத்தைப் பார்த்தார். முன்பு நான் கத்தினது அவருக்கு நினைவிருந்தது.

"வெளக்கு?" என்றார், பயந்துகொண்டே.

"வையி," என்றேன். "பெருசா வையி."