எடை பாக்குறதுக்கு முன்னாடி ஊட்டுன பொங்கல்

என் சின்ன மவன் ஒரு வேலையிலயும் நெலைக்க மாட்டான். லோரியில போவான், சண்ட போட்டுட்டு வந்துருவான். அப்புறம் பிரிக்பீல்ட்ஸ்ல எவனெவனோடயோ சுத்துவான். போலீசும் வீட்டுக்கு வந்திருக்கு. கோயில்ல யாராச்சும், "மவன் என்னா பண்றான்?"னு கேட்டா, செருப்பத் தேடுற மாதிரி குனிஞ்சிக்குவேன்.

அவன் கிள்ளான்ல டயர் கடைக்கு மேல இருக்குற பாக்சிங் ஜிம்முல சேந்தான். அங்க கோச் ஒரு சீனப் பொண்ணு. தமிழாளுங்களோட வளந்தது, நல்லாவே தமிழ் பேசும். இவன் விடியக்காலையில ஓடுறான், சிகரெட்ட விட்டுட்டான். எனக்கு நம்பிக்கையில்ல. இதுவும் கொஞ்ச நாளைக்குத்தான்னு நெனச்சேன்.

ஒரு நா வந்து, "அப்பா, காஜாங்ல என் மொத சண்ட. வரியா?"ன்னான். அவன் என்னைய ஒரு எடத்துக்குக் கூப்புட்டதே அப்பத்தான்.

அன்னிக்கிக் காலையில அவம் பேர்ல அர்ச்சன பண்ணேன். எங்க கோயில் ஐயரு சக்கரப் பொங்கல்ல முந்திரிய அள்ளிப் போடுவாரு. முன்னாடி இருந்தவரு அப்படியில்ல, தேடித்தான் எடுக்கணும். அது கெடக்கட்டும். பெரிய பொட்டலமா கட்டிக் குடுத்தாரு.

காஜாங் மண்டபத்துல மவன் ஒரு மூலையில உக்காந்திருந்தான். ஒதடெல்லாம் காஞ்சி கெடந்துச்சி.

"சாப்புட்டியாடா?"

"இல்லப்பா, எட பாப்பாங்க."

"சண்ட போடறவன் பட்டினியாவா போவான்? சாமி பிரசாதம்டா, வேணாங்கக் கூடாது."

அவன் என் மூஞ்சியப் பாத்தான். வாயத் தொறந்தான். நானே ஊட்டி விட்டேன். தண்ணியும் குடுத்தேன்.

தராசுல ஏறுனா, எட கூடிப் போச்சி. கொறையலன்னா ரிங்குல ஏத்த மாட்டாங்களாம். எனக்கு அப்பத்தான் தெரியும்.

"டேய், என்னாடா தின்ன?" அந்தப் பொண்ணு கத்துச்சி.

"ரொட்டி சானாய், கோச். பசி தாங்கல."

"நீ திருந்தவே இல்லலா! போ, ரோட்டுக்கே போ!"

மவன் தலையக் குனிஞ்சி நின்னான். நா பொட்டலத்த முதுகுக்குப் பின்னால மறைச்சிகிட்டேன்.

இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்தாங்க. வெயில்ல, நல்லா வேர்க்கட்டும்னு மழக்கோட்டு மாட்டிகிட்டு, கார் நிறுத்துற எடத்த சுத்திச் சுத்தி ஓடுனான். நின்னா சுவிங்கம் மென்னு பாட்டில்ல துப்பணும், எச்சி போனாலும் எட கொறையுமாம். பாட்டிலப் புடிச்சிகிட்டு நின்னது நாந்தான். ஊட்டுன கையில அவன் எச்சிய ஏந்திகிட்டு நின்னேன்.

அப்பத்தான் வாய் வந்துச்சி. "அம்மா, அவனத் திட்டாத. பொங்கல் குடுத்தது நானு."

அந்தப் பொண்ணு என்னைய ஏற எறங்கப் பாத்துச்சி. "ஐயோ அங்கிள்"னு தலையில கைய வச்சிகிச்சி. அவங்கிட்ட திரும்பி, "ஏன்டா பொய் சொன்ன?"

"அப்பா மொத தடவ வந்திருக்காரு, கோச்."

கடைசியில எட சரியா வந்துச்சி. "இப்ப சாப்புடலாம். அங்கிள், அந்தப் பொங்கல் இருக்கா?"ன்னிச்சி. பொட்டலத்துல வெறும் எலதான் இருந்துச்சி.

சாயங்காலம் ரிங்குல ஏறுனான். தோத்துட்டான். கடைசி ரவுண்டுல காலே நகரல. வெயில்ல ஓடுன காலு.

மறுநா விடியக்காலையில வாசல்ல உக்காந்து ஓடப் போறதுக்குச் சப்பாத்து மாட்டிகிட்டு இருந்தான். கண்ணு வீங்கிப் போயிருந்துச்சி.

"அடுத்த தடவ எட பாத்தப்புறம் ஊட்டுப்பா"ன்னு சிரிச்சான்.

நா குனிஞ்சி என் செருப்பத் தேடுனேன்.