இரண்டு பிக்கப், ஒரு பவானி

போன சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு என் எலெக்ட்ரிக் கிட்டார் கொசுவாகிப் போனது.

இடம், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீன். அன்று குடும்ப தினம். நாலு மணிக்கு எல்லோர் வீட்டு ஆட்களும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார்கள். எங்கள் குழுவின் முதல் பாட்டு கிட்டாரில்தான் ஆரம்பம். இரண்டு நிமிடம், நான் மட்டும். போன வருடம் வரை என்னைக் கோலப் போட்டிக்கு நடுவராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது வயதில் கிட்டார் பிடிக்க ஆரம்பித்து, ஆறு வருடம் கழித்து, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டு நிமிடம் அது!

ஒத்திகைக்கு ஒரு தட்டு தட்டினேன். ஙொய்ய்... என்றது.

"என்ன மேடம், தகர டப்பாக்குள்ள கொசு கத்துத மாதிரில்லா கேக்கு?" என்றார் சேவியர். மெயின்டனன்ஸ் ஆள், திருநெல்வேலிக்காரர், எங்கள் டிரம்மர். குழுவுக்குத் தலைவரும் அவர்தான்.

தப்பு என்னுடையது. கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று; அதுதான் காயில். மேலே கம்பி அதிர்ந்தால் கீழே காயிலில் கரன்ட் பிறக்கும். அதுதான் ஸ்பீக்கரில் பாட்டாக வருகிறது. என் கிட்டாரில் அப்படி இரண்டு. கழுத்துப் பக்கம் ஒன்று, குழைவான சத்தம். கம்பியைத் தட்டும் கை இருக்கும் பிரிட்ஜ் பக்கம் ஒன்று, கூர்மையான சத்தம்.

பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் போன மாதம் உயிரை விட்டது. அதே ஜாதியில் இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆசை விடவில்லையே! வேறொரு கம்பெனியின் தடியான இரட்டைக் காயில் பிக்கப் ஒன்றைத் தாம்பரத்தில் ஒருவரிடம் வாங்கி, வீடியோ பார்த்து, அந்தச் சனிக்கு முந்தின ஞாயிறு நானே ஈயம் உருக்கி சால்டர் பண்ணினேன். பிரிட்ஜில் முரட்டுக் குரல், கழுத்தில் பழைய தேன் குரல். ஸ்விட்சை நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து எப்படி இருக்கும்? அந்தக் கனவில்தான் பாட்டின் ஆரம்பத்தையே அமைத்திருந்தேன்.

தனித்தனியாக இரண்டும் பிரமாதம். சேர்த்து வைத்தால் கொசு. வீட்டில் சேர்த்துக் கேட்காமலா விட்டீர்கள் என்று கேட்கிறீர்களா? கேட்காமல்தான் விட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"விடுங்க மேடம். கீபோர்டுல ஆரம்பிச்சுருவோம். நீங்க நடுவுல சேந்துக்கிடுங்க" என்றார் சேவியர். அன்பாகத்தான் சொன்னார். நான் இன்னொரு தடவை தட்டிப் பார்த்தேன். அதே கொசு.

அப்போதுதான், நாற்காலி போட வந்தவர்களில் ஒருவர் மேடை ஓரம் வந்து நின்றார்.

"இன்னா மேடம், சவுண்டு சோப்ளாங்கியா கீது? உள்ள காயிலா?"

பவானி. சுங்குவார்சத்திரத்திலிருந்து வருகிறவர். எங்கள் ஆலையில் கார் சென்சாருக்குக் காயில் சுற்றும் லைனில் பதினோரு வருடம். அவரைப் பார்த்ததும் நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். காரணம் இருக்கிறது.

நான் குவாலிட்டி. இரண்டு மாதத்துக்கு முன் பவானி சுற்றிய ஒரு ட்ரே காயிலை ரிஜெக்ட் செய்தவள் நான். டெஸ்ட் மெஷினில், சிவப்பு ஒயரில் வர வேண்டிய பிளஸ் கறுப்பில் வந்தது. 'சுற்றும் திசை தவறு' என்று எழுதினேன். பவானி என் மேஜைக்கே வந்து, "நான் சுத்துனது கரெக்ட்டு மேடம். ஒயர் தான் மாறி வந்துகீது" என்றார். "டெஸ்ட் மெஷின் பொய் சொல்லாது பவானி" என்றேன். மெமோ போனது. லைன் லீடர் பதவிக்கான பட்டியலில் இருந்த அவர் பெயரும் போனது.

இப்போது அவர் என் கிட்டார் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"முள்ளு மீட்டர் கீதா அண்ணே?" என்று சேவியரிடம் கேட்டார். சேவியர் தன் பெட்டியிலிருந்து பழைய மீட்டரை எடுத்துக் கொடுத்தார். பவானி அதைக் கிட்டார் கேபிளின் நுனியில் மாட்டச் சொன்னார். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கழுத்துப் பக்கப் பிக்கப்பின் மேல் டக் என்று வைத்தார்.

முள் வலப்பக்கம் துள்ளியது.

ஸ்விட்சை மாற்றச் சொன்னார். பிரிட்ஜ் பிக்கப்பின் மேல் டக்.

முள் இடப்பக்கம் துள்ளியது.

"பாத்தீங்களா? ஒண்ணு 'வா'ங்குது, ஒண்ணு 'போ'ங்குது. ரெண்டையும் ஒண்ணா உட்டா அடிச்சிகினு சாவுது."

எனக்குப் புல்லரித்தது. அதே கம்பி, அதே அதிர்வு. ஒரு காயில் அதை மேடாகச் சொல்கிறது, இன்னொன்று பள்ளமாகச் சொல்கிறது. மேடு போய்ப் பள்ளத்தில் விழுந்து நிரவிவிடுகிறது. மிச்சம் மீதியாக ஒட்டிக்கொண்டிருந்ததுதான் என் கொசு! இத்தனையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மரப்பலகைக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறது. கிட்டாரே தொடாத ஒருவர் ஒரு ஸ்குரூ டிரைவரால் அதைக் கண்ணுக்குக் காட்டிவிட்டார்.

"அப்ப நான் வாங்கினது திசை மாத்திச் சுத்தின பிக்கப்பா?" என்றேன்.

"இல்ல மேடம். காயில் மேல தப்பே இல்ல. நீங்க எந்தக் கலரு பாத்து ஒயரு போட்டீங்க?"

வீடியோவில் வந்த கலரைப் பார்த்துத்தான். வீடியோவில் இருந்தது இன்னொரு கம்பெனியின் பிக்கப். அவர்களுக்கு ஒரு கலர் கணக்கு, இவர்களுக்கு வேறு.

"அதான். சுத்துனது கரெக்ட்டு. ஒயர் கலரு தான் மாறிப்பூடுச்சி."

சொல்லிவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். குத்திக் காட்டவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

"பவானி... அந்த ட்ரே..."

"அதே கதை தான் மேடம். நான் கம்பி சுத்துற பாபின்ல கலரு ஒயர சப்ளையரே மாட்டி அனுப்புறான். செவப்பும் கறுப்பும் எடம் மாறிட்டா நான் இன்னா பண்றது?" என்றவர், உடனே, "அத்த அப்பால பேசிக்கலாம். மணியாவுது" என்று சால்டரிங் அயர்னைக் கேட்டார்.

கிட்டாரின் மேல் தகட்டை இரண்டு ஸ்குரூ கழற்றித் தூக்கினோம். கழுத்துப் பிக்கப்பின் ஒயரை மாற்றிவிடலாம் என்று நான் கை வைத்தேன். சுலபம், இரண்டே ஒயர்.

"அதுல வெக்காதீங்க! மேல இரும்பு மூடி இந்த ஒயரோட ஒட்டிகினு கீது. மாத்தினீங்கன்னா மூடி மேல கை பட்டாலே உர்ருனு கத்தும்."

பிரிட்ஜ் பிக்கப்பின் இரண்டு ஒயர்களை மட்டும் இடம் மாற்றினார். கூட வந்த உறையில்லாத எர்த் கம்பியை அதன் இடத்திலேயே விட்டார். ஊதக்கூட இல்லை. பொட்டு வைத்த மாதிரி இரண்டு சால்டர்.

ஸ்விட்சை நடுவில் வைத்தேன். தட்டினேன்.

எப்படிச் சொல்வது! வல்லக்கோட்டை கோயிலில் பெரிய மணி அடித்து ஓய்ந்த பிறகு காற்றில் ஒன்று நிற்குமே, அதற்கு ஓரத்தில் ஒரு மினுமினுப்பு சேர்ந்தால்? தேனும் இல்லை, முரடும் இல்லை. இரண்டு பிக்கப்பிலும் தனியாக இல்லாத மூன்றாவது குரல். நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சேவியர் கையில் குச்சியோடு அப்படியே நின்றார்.

பவானி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தபா அடிங்க மேடம்."

அடித்தேன்.

"பதினோரு வருஷமா சுத்திகினு கீறேன். எல்லாம் பொட்டிக்குள்ள போயி, காருக்குள்ள போயிடும். ஒரு காயிலு கூட எங்கிட்ட பேசனதே இல்ல மேடம்..."

அவர் கண் கலங்கியதா, சால்டர் புகையா, தெரியவில்லை. எனக்குக் கலங்கியது. புகை இல்லை.

நாலேகால் மணிக்கு மேடை ஏறினேன். இரண்டு நிமிடமும் வாசித்தேன். ஒரு இடத்தில் விரல் தவறியது. யாரும் கவனிக்கவில்லை, சேவியரைத் தவிர. மூன்றாவது வரிசையில் பவானி தன் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் என் கிட்டாரைக் கை நீட்டிக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, ரிஜெக்ட் அலமாரியிலிருந்து அந்த ட்ரேயை எடுத்தேன். ஒரு காயிலைப் பிரித்துச் சுற்றின் திசையைப் பார்த்தேன். சரி. இன்னொன்று. அதுவும் சரி. ஒவ்வொன்றிலும் பாபினில்தான் ஒயர் இடம் மாறியிருந்தது. பொருளை ரிஜெக்ட் செய்தது நியாயம். பழியைப் போட்டது அநியாயம். 'ஆய்வில் தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் இரண்டு தடவை படித்தார். "இப்படி ஒரு பேப்பரை நான் பாத்ததே இல்ல மேடம்" என்றார்.

மெமோ ரத்தானது. பவானி பெயர் மறுபடி பட்டியலில் ஏறியது. லைன் லீடர் நேர்காணல் அடுத்த மாதம். கிடைக்குமா? தெரியாது. ஆனால் கேள்வி கேட்கிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது!

யோசித்துப் பார்த்தேன். நாம் எத்தனை பேரை இப்படி, சுற்றைப் பிரித்துப் பார்க்காமல், ஒயரின் கலரை வைத்தே முடிவுகட்டி அலமாரியில் வைத்திருக்கிறோம்?

விஷயத்தைச் சொல்லிக் கைகொடுக்க லைனுக்குப் போனேன். பவானி சிரித்தார். நன்றி கின்றி எல்லாம் சொல்லவில்லை. சுற்றும் மெஷினை நிறுத்தாமலே கேட்டார்:

"மேடம், அந்தக் கிட்டாருல ரெண்டுக்கும் நடுவுல எடம் சும்மா தானே கீது... இன்னொண்ணு வெச்சா இன்னா ஆவும்?"

கிட்டார் இப்போது என் சாப்பாட்டு மேஜையில், வயிறு திறந்து கிடக்கிறது.